மின்னாக்கி வாங்குமுன் வீட்டிலேயே போட வேண்டிய கணக்கு

நம் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்து, இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் பலர் 'எஞ்சின் வீடு' என்னும் சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். மாலை மயங்கும் நேரத்தில் தோட்டத்து எஞ்சின் முழங்கத் தொடங்கும். லயங்களில் விளக்குகள் எரியும். இரவு பத்து மணியளவில் எஞ்சின் ஓய்ந்ததும் லயம் முழுவதும் இருளில் மூழ்கும். பாடம் முடிக்காத பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடுவர். அந்த எஞ்சினைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். எத்தனை விளக்குகளை அது தாங்கும், எண்ணெய் எப்பொழுது மாற்ற வேண்டும் என்பவையெல்லாம் அவர் பொறுப்பு. எஞ்சின் வீடும் லயங்களை ஒட்டி அமையாமல் சற்றுத் தள்ளியே நின்றது.

இன்று நிலை வேறு. ஒருவர் ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய அளவில், பயணப்பெட்டி போன்ற வடிவில், 'இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்' எனப்படும் சிறு மின்னாக்கிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அதனை வாங்குகின்ற குடும்பத் தலைவரே எஞ்சின் டிரைவரும் ஆகிவிடுகிறார். ஆனால் அந்தப் பழைய எஞ்சின் டிரைவர் அறிந்திருந்தவற்றை அவருக்குச் சொல்லிக் கொடுப்பார் இல்லை. அக்குறையை ஓரளவு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்தடை நமக்குப் புதிதன்று. 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதுமே இருளில் ஆழ்ந்தது. 2014 டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2021 டிசம்பரில் சிலாங்கூரும் அத்தகைய துயரத்தைக் கண்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வெள்ளம் நம் வாசலைத் தொடாமற் போகலாம். எனினும், தொலைவிலுள்ள துணை மின்நிலையம் நீரில் மூழ்குமானால் உயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு மின்விநியோகம் நிறுத்தப்படும். மேட்டு நிலத்திலுள்ள லயமும் அதனால் நாட்கணக்கில் இருளில் கிடக்கும். மின்னாக்கி பயன்படுவது இத்தகைய வீடுகளுக்கே. நீர் வீட்டினுள் ஏறுமானால் மின்னாக்கியை நினைக்கலாகாது. துயர்துடைப்பு நிலையத்தைத்தான் நாட வேண்டும்.

ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில் விளக்கக் கூட்டம் முடிந்து புறப்படும் நேரத்தில் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"ஐயா, ரெண்டாயிரம்னு சொல்லித்தான் வித்தாங்க. ஐஸ்பெட்டியைப் போட்டா மெஷின் செத்துப் போகுது. வீட்டுக்காரிக்கு இனிப்பு நீர், ஊசி மருந்து அதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

"எங்கே வைத்து ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சமையல்கட்டுக்குப் பின்னால, கதவை ஒருக்களிச்சு வெச்சுத்தான். வெளியில வெச்சா மழை. மழை இல்லாட்டி, காலையில மெஷின் இருக்குமாங்க ஐயா?"

அவர் சொன்ன முதற் குறையைவிட இரண்டாவது செய்தியே என்னைத் திடுக்கிடச் செய்தது. இரண்டையும் இங்கு விளக்குகின்றேன்.

பழைய வகையும் புதிய வகையும்

பழைய வகை மின்னாக்கியில் எஞ்சினும் மின்சாரமும் நேராகப் பிணைந்துள்ளன. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 அலைவு என்னும் அளவினது. அவ்வளவைத் தருவதற்குச் சிறு மின்னாக்கியின் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓயாது சுழல வேண்டும். எரிவது ஒரே விளக்காயினும் அதே வேகம், அதே இரைச்சல். சுமை திடீரென ஏறினாலோ இறங்கினாலோ வேகம் தடுமாறும். அதனுடன் மின்சாரமும் தடுமாறும்.

இன்வெர்ட்டர் வகையில் எஞ்சின் உண்டாக்கும் மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. பிறகு மின்னணுச் சுற்று ஒன்று அதனை 230 வோல்ட், 50 அலைவுள்ள சீரான மின்சாரமாக வடித்துத் தருகிறது. கிணற்றுப் பம்பிலிருந்து பீறிடும் நீரை அப்படியே பிடிப்பதற்கும், அதனைத் தொட்டியில் ஏற்றிக் குழாய் வழியே பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். தொட்டி இருப்பதால் பம்பு எவ்வேகத்தில் ஓடினாலும் குழாய் நீர் சீராக வரும். அவ்வாறே, இங்கு எஞ்சின் சுமைக்கேற்ப மெதுவாகவும் விரைவாகவும் ஓடலாம். எரிபொருள் மிஞ்சுகிறது, இரைச்சல் தணிகிறது, தொலைக்காட்சி, கைப்பேசி, புதிய வகை ஐஸ்பெட்டியின் மின்னணுப் பலகை ஆகியவை கெடாமல் இயங்குகின்றன.

இதனால் எல்லோரும் இன்வெர்ட்டர் வகையைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தோட்டத்துக் காய்கறிப் பாத்திக்கு நீர் இறைக்கும் பம்பு, நாலைந்து விளக்குகள் என்ற அளவில் தேவை நின்றுவிடுமானால் பழைய வகையே போதும். அதன் விலை குறைவு. பழுதானால் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர்கூடச் சரிசெய்து விடுவார். இன்வெர்ட்டர் வகையின் மின்னணுப் பலகை கெட்டால் அதனை மாற்றுவதற்கு ஆகும் செலவு கனமாக இருக்கும். ஆதலின் உதிரிப்பாகம் கிடைக்கும் கடையாகப் பார்த்து வாங்குவது நலம்.

வாட் கணக்கு

வகுப்பறையில் செய்வது போல ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடை இரவில் உங்கள் வீட்டுக்கு இன்றியமையாதவை எவை? விரும்புபவை அல்ல, இன்றியமையாதவை. ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் அதன் வாட் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, ஐஸ்பெட்டி 150 வாட்; காற்றாடி இரண்டு, ஒன்றுக்கு 60 வாட் வீதம் 120; எல்.இ.டி. விளக்கு நான்கு, 40, தொலைக்காட்சி 60, கைப்பேசி மூன்று, 30. கூட்டினால் 400 வாட் வருகிறது.

'அப்படியானால் 500 வாட் இயந்திரம் போதுமே' என்று எண்ணத் தோன்றும். இங்குதான் பலர் வழுக்கி விழுகின்றனர். ஐஸ்பெட்டி, நீர்ப்பம்பு போன்ற மோட்டார் உள்ள கருவிகள் ஓடும்போது குடிக்கும் மின்சாரம் வேறு. எழுந்திருக்கும்போது கேட்கும் மின்சாரம் வேறு. ரப்பர் பால் நிறைந்த வாளியைத் தூக்கும் கணத்தில்தான் முதுகு வலிக்கும். தூக்கி நடக்கத் தொடங்கிவிட்டால் அவ்வளவு தெரியாது. பழைய ஐஸ்பெட்டியொன்று, ஓரிரு நொடிகளுக்கே ஆயினும், ஓடும் அளவைப்போல் ஆறு மடங்குவரை கேட்கக்கூடும். 150 வாட் ஐஸ்பெட்டிக்கு அது 900 வாட். மற்றவற்றின் 250 வாட்டையும் சேர்த்தால், அக்கணத்தில் தேவைப்படுவது 1,150 வாட். ஐஸ்பெட்டி ஓய்ந்து ஓய்ந்து ஓடும் கருவியாதலால், இந்தக் கணம் இரவில் பலமுறை வரும்.

இதனை வைத்து இயந்திரத்தின் தட்டைப் படியுங்கள். அதில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று உச்சத் திறன்; சிறிது நேரமே தாங்கக்கூடியது. மற்றொன்று தொடர் திறன், மணிக்கணக்கில் தாங்கக்கூடியது. அட்டைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் முதலாவதே. சிலவற்றில் அதுவுமின்றி, மாதிரி எண்ணையே வாட் போலத் தோன்றுமாறு எழுதியிருப்பார்கள். பெரியவருக்கு நேர்ந்தது இதுதான். பெட்டியிலிருந்த 2000 என்பது வெறும் மாதிரி எண். இயந்திரத் தட்டில் தொடர் திறன் 900 வாட் என்றே இருந்தது. காற்றாடியும் தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருக்கையில் ஐஸ்பெட்டியைப் போட்டால் அது எப்படித் தாங்கும்?

மேற்கண்ட வீட்டிற்கு 1,600 அல்லது 1,800 வாட் தொடர் திறனுள்ள, 'இரண்டு கிலோவாட் வகுப்பு' எனப்படும் இயந்திரம் பொருந்தும். அதன் எடை ஏறத்தாழ 20 கிலோ. தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ நான்கு லிட்டர். முழுச் சுமையில் மூன்று நான்கு மணி நேரம் ஓடும். நம் 400 வாட் அதன் கால் பங்கேயாதலால் எட்டு மணி நேரம்வரை எதிர்பார்க்கலாம். சோற்றுக் கலத்திற்கு 600 வாட். மற்றவற்றைக் குறைத்துக்கொண்டு அதனையும் போடலாம். ஆனால் மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, குளியலறையின் வெந்நீர்க் கருவி ஆகியவற்றைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். வெந்நீர்க் கருவி ஒன்றே 3,000 வாட்டுக்கு மேல் விழுங்கும். எரிவாயு அடுப்பு இருக்கும்போது பெட்ரோலை எரித்து மின்சாரமாக்கி, அம்மின்சாரத்தால் நீரைக் கொதிக்க வைப்பது வீண் வேலை.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வாசகர்கள் மற்றொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், எஞ்சினின் ஆற்றல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு குறைகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் அது ஆறில் ஒரு பங்களவு இழப்பாகும்.

கணினி வழியாகத் தருவிப்போர் 230 வோல்ட், 50 அலைவு என்பதைத் தட்டில் உறுதி செய்துகொள்க. அமெரிக்கச் சந்தைக்கென 120 வோல்ட், 60 அலைவில் செய்யப்பட்டவையும் உலவுகின்றன. அவை மலிவாயினும் நமக்கு ஆகா.

எங்கே நிற்கும்?

இனி, பெரியவர் சொன்ன இரண்டாவது செய்திக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சின் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நாம் முகரும் பெட்ரோல் வாடை வேறு, இது வேறு. மூச்சின் வழியே உட்சென்றதும் இது இரத்தத்தில் உயிர்வாயு அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உயிர்வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், உடற்சோர்வு ஆகியவை தோன்றும். களைப்பு என்றோ காய்ச்சல் என்றோ எண்ணிப் படுத்துவிடுவோம். உறங்கிக்கொண்டிருப்பவருக்கு இவ்வறிகுறிகள்கூடத் தெரியா, எழாமலே போய்விடுவர்.

கதவைத் திறந்து வைத்தால் போதுமே, சன்னலருகே வைத்தால் போதுமே என்பவர்கள் உண்டு. போதாது. வீட்டினுள், சமையற்கட்டில், முன் திண்ணையில், கார்க் கொட்டகையில் எங்குமே மின்னாக்கியை ஓட்டலாகாது. சன்னல், கதவு ஆகியவற்றிலிருந்து ஆறு மீட்டருக்குக் குறையாத தொலைவில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையை நோக்கியிருக்க, திறந்த வெளியில் நிற்க வேண்டும். லயத்து வீடுகளில் வாழ்வோர்க்கு இது இன்னும் முக்கியம். பல லயங்களில் வீட்டுக்கு வீடு உள்ள சுவர் கூரை வரை முட்டுவதில்லை. மேலே இடைவெளி உண்டு. நம் வீட்டுப் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்கும் போகும். ஆதலின் அண்டை வீட்டாரையும் கலந்துகொண்டே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். எவரேனும் தலைசுற்றி விழுந்தால், முதலில் திறந்த வெளிக்குக் கொண்டு வந்துவிட்டு 999 எண்ணை அழையுங்கள்.

நச்சு வாயுவை உணர்ந்து தானே நின்றுவிடும் இயந்திரங்களும் இப்பொழுது வருகின்றன. விலை சற்றுக் கூடினாலும் அதனைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. ஆயினும் அது இருக்கிறதே என்று வீட்டினுள் வைக்கக் கூடாது.

'மழை? திருட்டு?' என்ற பெரியவரின் கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு விடை காணாமல் 'வெளியே வையுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. மழைக்கு, நான்கு கால்கள் நட்டு இரண்டு தகரம் வேய்ந்த, சுவரில்லாத சிறு கூரை போதும். இயந்திரம் தரையில் அன்றிச் செங்கல் மேடையில் நிற்கட்டும். அங்கிருந்து வீட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புக்கம்பியாலான, வெளியிடப் பயன்பாட்டுக்குரிய நீட்டுக்கம்பி வேண்டும். உருளையில் சுற்றியிருப்பதாயின் முழுவதையும் இழுத்து விரித்த பிறகே பயன்படுத்துக. சுற்றியபடியே விட்டால் கம்பி சூடேறி உருகும். கம்பி, சங்கிலி, கூரைத் தகரம் ஆகியவற்றின் விலையையும் சேர்த்ததே மின்னாக்கியின் உண்மையான விலை.

திருட்டுக்கு விடை, இரவு முழுவதும் ஓட்டாமலிருப்பதே. திறக்காத ஐஸ்பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் தன் குளிர்ச்சியைக் காத்துக்கொள்ளும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள்வரைகூடத் தாங்கும். ஆகவே மாலை ஏழு முதல் பத்து வரை ஓட்டி நிறுத்தலாம். தோட்டத்து வீடுகளில் பெரட்டுக்குப் போவோர் விடியுமுன் எழுந்துவிடுவர். அந்நேரம் மீண்டும் ஓட்டலாம். இடைப்பட்ட நேரத்தில் பெட்டியைத் திறவாதிருப்பதே மருந்து. அனைவரும் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓடும் இயந்திரம், கண்பார்வையில், தூணில் சங்கிலியால் பூட்டப்பட்டு நிற்குமானால் களவு போவது எளிதன்று. எஞ்சின் ஆறிய பின் வெளிக் கொட்டகையில் எடுத்து வைக்கலாம். அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் அருகில் வேண்டாம்.

இன்சுலின் வைத்திருப்போர் ஐஸ்பெட்டிக்குள் சிறு வெப்பமானி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. பயன்பாட்டிலுள்ள குப்பியை 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் எத்தனை நாள் வைக்கலாம் என்பதை மருத்துவமனை மருந்தாளரிடம் முன்கூட்டியே கேட்டறிக. பெரும்பாலான வகைகளுக்கு அது நான்கு வாரம் அளவாகும். ஆதலின் மின்சாரம் போனவுடனே பதற வேண்டியதில்லை.

காற்றாடியும் இரண்டு விளக்கும் கைப்பேசியும் போதும் என்னும் வீட்டுக்கு எஞ்சினே வேண்டாம். மின்கலப் பெட்டி என ஒன்று விற்கப்படுகிறது. 500 வாட்-மணி கொள்ளளவுள்ளது 50 வாட் காற்றாடி ஒன்றை ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓட்டும். புகையில்லை, ஓசையில்லை, படுக்கையறையிலும் வைக்கலாம். மின்சாரம் பல நாள் வராவிட்டால் அதனை எங்கே சென்று நிரப்புவது என்பதுதான் கேள்வி.

கடுமையாகச் சொல்ல வேண்டியது ஒன்று. இருபுறமும் ஆண் செருகி பூட்டிய கம்பியால் மின்னாக்கியைச் சுவர்த் துளையில் இணைத்து, வீடு முழுவதும் விளக்கேற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு செய்தால் மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. வெளிக் கம்பி வழியே மின்மாற்றிக்குப் போய், அங்கு பின்னோக்கி மாறி 11,000 வோல்ட் வரை உயரக்கூடும். மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளி அதனால் மாள்வார். வீட்டுக் கம்பிகளோடு இணைத்தே ஆக வேண்டுமாயின், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேனைக் கொண்டு மாற்று விசைப் பெட்டி பொருத்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் கருவிகளை நீட்டுக்கம்பியில் நேராகச் செருகுவதே முறை.

சாரணர் முகாம், குடும்ப உல்லாசப் பயணம் ஆகியவற்றுக்கு எடுத்துச் செல்வோர்க்கு 1,000 வாட் வகுப்பே தாராளம். எடையும் ஏறத்தாழ 13 கிலோதான். கூடாரத்திலிருந்து அதே ஆறு மீட்டர் தொலைவு. கூடாரத்துணி நச்சு வாயுவைத் தடுப்பதில்லை. அண்ணன் தம்பி வீடுகள் அடுத்தடுத்து இருக்குமானால், ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியில் ஆளுக்கொன்று வாங்கி, அதற்கென விற்கப்படும் இணைப்புக் கம்பியால் தேவைப்படும்போது இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். பெரிய இயந்திரம் ஒன்றைவிட இது வசதி.

பராமரிப்பு அதிகமில்லை. முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறையும், பின்னர் 100 மணிக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுக. கைந்நூலில் வேறு அளவு கூறியிருந்தால் அதனையே பின்பற்றுக. சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றலாகாது. மாதக்கணக்கில் தேங்கும் பெட்ரோல் பிசின் போலாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். ஆகவே எடுத்து வைக்குமுன் எரிபொருட் குழாயை மூடி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் காற்றாடி ஒன்றைப் பூட்டி ஓட்டிப் பார்ப்பது நன்று. நவம்பர் மழையில் முதன்முறையாகக் கயிறு இழுத்துப் பார்ப்பவர்களே பெரும்பாலும் இருளில் உட்கார்ந்திருப்பவர்கள்.

பெரியவர் புதிய இயந்திரம் வாங்கவில்லை. எஞ்சினைச் சிக்கன வேகத்தில் வைக்கும் விசையை நிறுத்திவிட்டு, வேறு எதனையும் போடாமல் முதலில் ஐஸ்பெட்டியை மட்டும் செருகச் சொன்னேன். சிக்கன வேகத்தில் சோம்பி ஓடும் எஞ்சினால் திடீர்ச் சுமைக்கு ஈடுகொடுக்க இயலாது. ஐஸ்பெட்டி முனகிக்கொண்டே எழுந்தது. பிறகு காற்றாடி ஒன்றையும் விளக்குகளையும் சேர்த்தோம், தாங்கியது. ஐஸ்பெட்டி நின்று மீண்டும் எழும்போது காற்றாடியோடு தடுமாறுமா என்பதை ஒரு மணி நேரம் இருந்து பார்த்தோம். இருமுறை எழுந்தது, நிற்கவில்லை. தொலைக்காட்சிக்கு மட்டும் இடமில்லை என்று தீர்மானித்தார். இரண்டு மாதம் கழித்து அவ்வழியே சென்றபோது சமையற்கட்டின் பின்புறம் வெறுமையாக இருந்தது. மாமரத்தடியில் தகரக் கூரையும் சங்கிலியும் தெரிந்தன. தகரம் இரண்டு மிஞ்சியதாகவும், அதனை அடுத்த லயத்துத் தம்பி ஒருவர் தம் இயந்திரத்திற்குக் கூரை போடக் கேட்டு வாங்கிப் போனதாகவும் கூறினார்.